காசு வந்ததென்னும் கடிதம்

தபாற்காரரின் மணியோசை கேட்டதும் வீட்டார் வாயிலுக்கு விரைந்த காலம் ஒன்று இருந்தது. அவருடைய பையில் கடிதமும் இருக்கும், காசுக்கட்டளையும் இருக்கும். "அடுத்த கிழமை நூறு ரூபா அனுப்புகிறேன்" என்று தூரத்து ஊரிலிருந்து மகன் எழுதிய கடிதம் தாயின் மனத்தைக் குளிர்விக்கும். ஆயினும் அக்கடிதத்தைக் கடைக்காரரிடம் காட்டி ஒரு கொத்து அரிசி வாங்க இயலாது. காசுக்கட்டளையைத் தபாற்கந்தோரிற் கொடுத்துக் கையொப்பமிட்டுத் தாள்களை எண்ணி வாங்கிய பின்னரே காசு வந்தது என்பது உறுதியாகும். காசைப் பற்றிய செய்தி வேறு, காசு வேறு என்னும் உண்மையை எழுத்தறியாத முதியோரும் அக்காலத்தில் நன்கு அறிந்திருந்தனர்.

இன்று அவ்வேறுபாடு பலர் மனத்தில் மங்கிவிட்டது. செய்தியும் காசும் ஒரே திரையில், ஒரே எழுத்தில், ஒரே கணத்தில் வந்து நிற்கின்றமையே அதற்குக் காரணம். "உமக்கு இவ்வளவு தொகை கிடைத்துள்ளது" என மின்னஞ்சல் ஒன்று வருகிறது. அது மெய்யா, பொய்யா? இவ்வினாவுக்குத் தவறான விடை கண்டோர் பொருளை இழந்திருக்கின்றனர், சேமிப்பை இழந்திருக்கின்றனர், சிலர் பிறரை நம்பும் மனத்தையே இழந்திருக்கின்றனர்.

மின்னஞ்சலும் காசும் பிணைந்த வரலாறு நெடியதன்று. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தோன்றிய ஒரு சிறு நிறுவனம், அடுத்த ஆண்டில் 'பேபால்' என்னும் சேவையைத் தொடங்கியது. ஒருவருடைய மின்னஞ்சல் முகவரி தெரிந்தாற் போதும். அவருக்குக் காசு அனுப்பிவிடலாம் என்பதே அச்சேவையின் புதுமை. இணையத்தில் ஏலமுறையிற் பொருள் விற்ற 'ஈபே' தளத்தின் வாடிக்கையாளரிடையே அது விரைவிற் பரவியது. 2002ஆம் ஆண்டில் ஈபே நிறுவனமே அதனை விலைக்கு வாங்கியது. காசு அனுப்பப்பட்டதும் பெறுபவருக்கு ஒரு மின்னஞ்சல் செல்லும். ஆனால் அந்த அஞ்சலுக்குள்ளே காசு இல்லை. காசு என்பது நிறுவனத்தின் கணக்கேட்டில் ஒருவர் பெயரிற் குறைந்து மற்றொருவர் பெயரிற் கூடும் ஓர் எண்ணே. அஞ்சலோ அம்மாற்றத்தை அறிவிக்க வரும் ஓலை. ஓலையை எவரும் எழுதலாம். கணக்கேட்டில் எழுத வல்லவர் நிறுவனத்தார் மட்டுமே. மோசடிக்காரர் புகும் வழி இந்த இடைவெளியே ஆகும்.

அவர்கள் செயற்படும் முறையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ரொறன்ரோ நகரில் வாழும் ஒருவர் தமது பழைய புகைப்படக் கருவியை விற்பதற்கு இணையத்தில் விளம்பரம் செய்கிறார் எனக் கொள்வோம். வாங்குபவர் ஒருவர் உடனே இசைகிறார். விலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. சில நிமிடங்களில் விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. நிறுவனத்தின் சின்னமும் நிறமும் எழுத்தமைப்பும் அதில் அப்படியே உள்ளன. தொகை வந்துவிட்டது என்றும், பொருளைத் தபாலிற் சேர்த்து அதன் பதிவிலக்கத்தை அனுப்பும் வரை அத்தொகை நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் என்றும் அது கூறுகிறது. விற்பவர் தமது கணக்கைத் திறந்து பார்த்தாலும் காசு இல்லாமைக்கு விளக்கம் ஏற்கனவே கொடுக்கப்பட்டுவிட்டது. எனவே ஐயம் எழுவதில்லை. அவர் பொருளை அனுப்புகிறார், பதிவிலக்கத்தையும் அனுப்புகிறார், காசு ஒருநாளும் வருவதில்லை.

இந்தத் தந்திரத்தின் நுட்பம் கவனிக்கத்தக்கது. மெய்யான நிறுவனங்களும் சில வேளைகளிற் புதிய விற்பனையாளரின் தொகையைச் சிறிது காலம் நிறுத்திவைப்பதுண்டு. பொய் அந்த உண்மையின் நிழலில் ஒளிந்துகொள்கிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மெய்யாகவே நிறுத்திவைக்கப்பட்ட தொகை கணக்கின் உள்ளே, நிறுத்திவைக்கப்பட்டது என்னும் குறிப்புடன் காணப்படும். கணக்கினுள் ஒரு வரியும் இன்றி, மின்னஞ்சலில் மட்டும் இருக்கும் தொகை ஒரு தொகையே அன்று.

இதன் கிளைகள் இன்னும் சில. பேசிய விலையினும் கூடுதலாக அனுப்பிவிட்டதாகவும், மிகுதியை வண்டிக்காரருக்கு உடனே செலுத்துமாறும் ஒரு மடல் கேட்கும். வராத காசின் 'மிகுதியை' விற்பவர் தமது சொந்தக் கையிலிருந்து கொடுப்பார். மற்றொரு மடல், கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்றும், இன்று மாலைக்குள் கடவுச்சொல்லை உறுதிப்படுத்தாவிடின் மூடப்படும் என்றும் அச்சுறுத்தி ஓர் இணைப்பை நீட்டும். அவ்விணைப்பை அழுத்தினால் வருவது போலிப் பக்கம். அதில் இட்ட கடவுச்சொல் நேரே கள்வரிடம் சேரும். இவ்வகை மடல்களை 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஆங்கிலத்தில் 'பிஷிங்' என்று வழங்குகின்றனர். மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியையே அச்சொல் தாங்கி நிற்கிறது. தமிழில் 'தூண்டில் மடல்' எனல் பொருந்தும்.

மடலின் தலைப்பில் நிறுவனத்தின் பெயர் தெளிவாக இருக்கின்றதே, அது எவ்வாறு பொய்யாகும் என்னும் வினா எழலாம். மின்னஞ்சல் பயணம் செய்யும் விதிகளை 1982ஆம் ஆண்டில் ஜோன் பொஸ்ரெல் என்னும் அமெரிக்கக் கணினி அறிஞர் ஓர் ஆவணமாக எழுதி வெளியிட்டார். அக்காலத்தில் அவ்வலையமைப்பைப் பயன்படுத்தியோர் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வுகூடத்தாருமே. ஒருவரையொருவர் ஏமாற்றுவர் என்னும் எண்ணம் அவ்விதிகளில் இடம்பெறவில்லை. ஆகவே அனுப்புவோன் பெயரை அனுப்புவோனே எழுதிக்கொள்ளலாம். கடித உறையின் பின்புறத்தில் 'மத்திய வங்கி, கொழும்பு' என்று எவரும் எழுதித் தபாற்பெட்டியிற் போடலாம் அன்றோ? தபாற்காரர் அதனைச் சோதிப்பதில்லை. மின்னஞ்சலின் நிலையும் அதுவேயாக இருந்தது.

இக்குறையை நீக்கப் பிற்காலத்திற் சில முத்திரை முறைகள் சேர்க்கப்பட்டன. ஒரு நிறுவனத்தின் பெயரால் எந்தக் கணினிகள் அஞ்சல் அனுப்பலாம் என்பதை அந்நிறுவனமே முன்கூட்டி அறிவித்துவைக்கும். மடலின்மீது கணிதமுறையிலான கையொப்பமும் இடும். முத்திரை பொருந்தாத மடலைத் தள்ளிவிடுக எனவும் அஞ்சற் சேவையாளருக்கு அறிவுறுத்தும். 2012ஆம் ஆண்டு ஜனவரியில் பேபால், கூகிள், மைக்ரோசொப்ட், யாகூ முதலிய நிறுவனங்கள் கூடி இதற்கென ஒரு பொது ஒழுங்கை வெளியிட்டன. இதனாற் பெரிய நிறுவனங்களின் பெயரை அப்படியே திருடி எழுதும் மடல்களிற் பெரும்பகுதி இன்று பெறுபவரின் பெட்டியை எட்டுமுன்னரே தடுக்கப்படுகிறது.

ஆனால் முத்திரை நிறுவுவது ஒன்றே: இம்மடல் இந்த இணையப் பெயரிலிருந்து வந்தது என்பது. அப்பெயர் எவருடையது என்பதை அது கூறாது. 2000ஆம் ஆண்டிலேயே, பேபால் என்னும் ஆங்கிலப் பெயரின் ஈற்றெழுத்தாகிய 'எல்' என்பதை நீக்கி, 'ஐ' என்பதை இட்டு ஒரு போலித்தளம் எழுந்தது. பெரிய 'ஐ'யும் சிறிய 'எல்'லும் திரையில் ஒரே நிமிர்ந்த கோடாகத் தோன்றும். தமிழிலும் ரகரமும் ஆகாரத்தின் காலும் அச்சில் ஒன்றுபோல் மயங்குதலை எழுத்துக் கோப்போர் அறிவர். கண் பழகிய சொல்லை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை; முழு உருவமாகவே விழுங்கிவிடுகிறது. கள்வர் நம்பியிருப்பது அந்தப் பழக்கத்தையே.

இணைய முகவரியைப் படிக்கும் முறையை அறிந்துகொள்வது பயன் தரும். யாழ்ப்பாணத்திற் கண்டி வீதி என்று ஒரு வீதி உண்டு. 'கண்டி வீதி, யாழ்ப்பாணம்' என முகவரி எழுதிய கடை கண்டியில் உள்ளதென எவரும் கொள்வதில்லை. ஈற்றில் நிற்கும் ஊர்ப்பெயரையே நோக்குவர். இணைய முகவரியும் அவ்வாறே. முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னுள்ள பகுதியை எடுத்து, அதன் வால்பக்கத்திலிருந்து படித்தல் வேண்டும். 'பேபால் புள்ளி கொம்' என்று அது முடியுமாயின் அந்நிறுவனத்துக்கு உரியது. 'பேபால் புள்ளி கொம் புள்ளி வேறொரு பெயர் புள்ளி கொம்' என நீளுமாயின், அது அந்த வேறொரு பெயருக்கு உரியது. முன்னால் நிற்கும் பேபால் வெறும் வீதிப் பெயரே. இலங்கையிற் பதிவான பெயர்களில் 'கொம் புள்ளி எல்கே' என ஈறு இரண்டாக வருவதுண்டு. அங்கே அவ்வீற்றுக்கு முன்நிற்கும் சொல்லே உடையவரைக் காட்டும். பக்கத்தின் மேலே தோன்றும் பூட்டுச் சின்னத்தைக் கண்டு ஆறுதல் கொள்வோரும் உளர். பூட்டு, வழியிற் பிறர் ஒற்றுக் கேட்க இயலாது என்பதை மட்டுமே காட்டும். வழியின் முடிவில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அது சாட்சியன்று.

மடலின் உள்ளடக்கத்தில் வேறு சில அறிகுறிகள் உண்டு. கணக்குடையவரின் முழுப்பெயரைக் கூறாது 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று விளித்தல், மணிக்கணக்கிற் காலக்கெடு விதித்தல், கடவுச்சொல்லையோ கைத்தொலைபேசிக்கு வந்த ஒருமுறைக் குறியீட்டையோ கேட்டல், கேளாத இணைப்புக் கோப்பைத் திறக்கச் சொல்லுதல் ஆகியன ஐயத்துக்கு உரியன. எழுத்துப் பிழையும் முன்னர் நல்ல அறிகுறியாக இருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் பிழையற்ற மடலை எந்த மொழியிலும் நொடியில் எழுதித் தருகின்றன. எனவே பிழை இருப்பது ஐயத்துக்குக் காரணமாகலாம். பிழை இல்லாமை நம்பிக்கைக்குக் காரணமாகாது.

எழுத்துப்பிழை ஒன்று பெரும் பொருளைக் காத்த வரலாறு இலங்கையோடும் தொடர்புடையது. வங்காளதேச மத்திய வங்கியின் பணம் நியூயோர்க் பெடரல் றிசேர்வ் வங்கியில் வைப்பிலிருந்தது. 2016ஆம் ஆண்டு பெப்ரவரியில், அக்கணக்கிலிருந்து ஏறத்தாழ 95 கோடி டொலரைப் பல இடங்களுக்கு அனுப்புமாறு 35 பொய்யான கட்டளைகள் சென்றன. அவற்றுள் 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்றது. 2 கோடி டொலர் இலங்கையிலுள்ள ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு அனுப்பப்பட்டது. அந்நிறுவனப் பெயரின் ஆங்கிலச் சொல்லொன்று பிழையாக எழுதப்பட்டிருந்தது. அதனைக் கண்ட இடைநிலை வங்கி ஒன்று விளக்கம் கேட்டது, பொய் வெளிப்பட்டது, இலங்கைக்கு வந்த தொகை மீட்கப்பட்டது. இத்தனைக்கும் தொடக்கம் எங்கே? வேலை தேடுவோர் எழுதியவை போன்று 2015ஆம் ஆண்டில் அவ்வங்கி ஊழியருக்கு வந்த தூண்டில் மடல்களே கள்வருக்கு வாயில் திறந்தன என அமெரிக்க நீதித் திணைக்களம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட முறைப்பாட்டில் விவரித்தது.

இவ்வரலாற்றில் நெஞ்சிற் பதிக்கத்தக்கது எழுத்துப்பிழையன்று; திருப்பிக் கேட்டமையே ஆகும். பிழை ஐயத்தை மட்டுமே எழுப்பியது. வந்த கட்டளையை வந்தபடி நிறைவேற்றாது, உரியவரிடம் ஒருவர் வினவினார். அவ்வினாவே காசைக் காத்தது.

அறிகுறிகளை மட்டும் நம்பலாகாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அண்மைக்காலத்தில் மோசடிக்காரர் மெய்யான கொடுப்பனவுச் சேவைகளிலேயே கணக்குத் திறந்து, அச்சேவையின் வசதியைக் கொண்டே பிறருக்குப் பொய்யான விலைச்சிட்டை அனுப்புகின்றனர். மடல் மெய்யாகவே நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது, முத்திரை பொருந்துகிறது, முகவரியும் சரியே. ஆனால் சிட்டையின் குறிப்பில், "உமது கணக்கிலிருந்து பல நூறு டொலர் அறவிடப்பட்டது, இது உம்முடையதன்று எனின் இவ்விலக்கத்துக்கு உடனே அழையும்" என்று கள்வர் எழுதியிருப்பர். அஞ்சி அழைப்பவரிடம் இனிமையாகப் பேசி, கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளைப் பதியச் செய்து, மெய்யான வங்கிக் கணக்கைத் திறக்க வைப்பர். இங்கே மடலை எத்தனை முறை சோதித்தாலும் அது மெய்யென்றே தோன்றும். அதிலுள்ள செய்தியே பொய். கணக்கைத் தனியே திறந்து பார்ப்பவர் காண்பது என்ன? காசு கேட்டு ஒரு சிட்டை வந்திருக்கும். காசு ஒரு சதமும் குறைந்திராது. கேட்பது எவருக்கும் எளிது. கொடுத்தாலன்றிக் காசு போகாது.

ஆதலால் ஐயம் தீர்க்கும் வழி ஒன்றே: மடலை விட்டு வெளியேறிக் கணக்கைப் பார்த்தல். மடலில் உள்ள இணைப்பை அழுத்தாது, அதிலுள்ள தொலைபேசி இலக்கத்தை அழைக்காது, நிறுவனத்தின் முகவரியைத் தம் கையாலேயே தட்டச்சுச் செய்தோ, முன்னரே கைத்தொலைபேசியிற் பதிந்துள்ள செயலியைத் திறந்தோ உள்ளே செல்லவேண்டும். கொடுக்கல் வாங்கற் பட்டியலில் அத்தொகை இருக்கின்றதா என நோக்கவேண்டும். இருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. பேச வேண்டுமாயின் வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்ட இலக்கத்துக்கு அழைத்தல் நலம். இன்னொன்றும் மறக்கத்தகாதது. காசைப் பெறுவதற்குக் கடவுச்சொல்லோ ஒருமுறைக் குறியீடோ பிறருக்குக் கூறவேண்டியதில்லை. வைப்பிலிடுவோர் பெட்டகத்தின் திறவுகோலைக் கேட்பதில்லை. கேட்பவர் எடுக்க வந்தவரே.

கணக்கிற் காசு மெய்யாக வந்த பின்னரும் சிறிது விழிப்பு வேண்டும். திருடிய அட்டையாற் செலுத்திய தொகையை உரியவர் திரும்பப் பெறலாம். பேபால் சேவையில் வாங்கியவர் முறையிடுவதற்குக் காசு செலுத்திய நாளிலிருந்து 180 நாள்கள் வரை அவகாசம் உண்டு. ஆகவே கணக்கிற் காட்டிய முகவரிக்கே பொருளை அனுப்பி, அனுப்பிய பற்றுச்சீட்டைப் பேணல் வேண்டும்.

இம்முறை பேபாலுக்கு மட்டும் உரியதன்று. இலங்கையிலும் அஞ்சல் திணைக்களத்தின் பெயராற் பொதி ஒன்று காத்திருப்பதாகவும், சிறு கட்டணம் செலுத்த அட்டை இலக்கத்தைத் தருமாறும் பொய்க் குறுஞ்செய்திகள் வந்துள்ளன. திணைக்களமும் மக்களை எச்சரித்துள்ளது. சில ரூபாய்களே கேட்கப்படுகின்றன என்பதால் ஐயம் எழுவதில்லை. ஆனால் கள்வர் நாடுவது அச்சில்லறையை அன்று; அட்டையின் இலக்கத்தை.

ஏற்கனவே சிக்கிக்கொண்டவர் செய்யவேண்டியது விரைவு ஒன்றே. முதலில் வங்கிக்கு அறிவித்து அட்டையையும் கணக்கையும் தடுக்கவேண்டும். பின்னர் கடவுச்சொல்லை மாற்றவேண்டும். அதே சொல்லை வேறிடங்களிலும் இட்டிருப்பின் அங்கும் மாற்றவேண்டும். வெட்கத்தால் மடலை அழித்துவிடலாகாது, அது சான்றாகும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இத்தகைய குற்றங்களை விசாரிக்க இடமளிக்கிறது. பொலிஸாரிடம் முறையிடலாம், 2006ஆம் ஆண்டில் அமைந்த 'இலங்கை சேர்ட்' நிறுவனத்திடமும் ஆலோசனை பெறலாம்.

ஏமாந்தவரை அறிவிலி என்று இகழ்வது பொருந்தாது. 2013க்கும் 2015க்கும் இடையில் லித்துவேனிய நாட்டவர் ஒருவர், கணினி உற்பத்தி நிறுவனமொன்றின் பெயராற் பொய்ச் சிட்டைகளை மின்னஞ்சலில் அனுப்பி, கூகிள், பேஸ்புக் ஆகிய இரு பெரு நிறுவனங்களிடமும் 10 கோடி டொலருக்கு மேற் கவர்ந்தார்; 2019ஆம் ஆண்டில் அவருக்கு அமெரிக்க நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. மின்னஞ்சல் உலகின் காவலரே ஏமாந்தனர் எனின், ஓய்வூதியம் பெறும் ஓர் ஆசிரியரோ, வெளிநாட்டு மகனின் காசை எதிர்பார்த்திருக்கும் ஒரு தாயோ ஏமாறுதல் வியப்பன்று. வெட்கப்பட்டு மறைப்பதே கள்வருக்கு உதவியாகும். ஒருவர் வாய்திறந்து கூறினால் அயல்வீட்டார் பத்துப்பேர் காக்கப்படுவர்.

திருவள்ளுவர் 'தெரிந்துதெளிதல்' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராய்ந்து பார்த்த பின்னரே ஒருவரை நம்புதல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆராய்தல் என்பது எல்லோரையும் வெறுத்தலன்று. கணக்கைத் திறந்து பார்க்க எடுக்கும் இரண்டு நிமிடப் பொறுமையே அது. மெய்யான காசு அந்த இரண்டு நிமிடத்தில் ஓடிப்போவதில்லை. அக்காலத்துத் தாய் மகனின் கடிதத்தை மகிழ்வோடு வாசித்து மடித்துவைத்தாள். ஆனால் காசுக்கட்டளையைத் தாளாக மாற்றி எண்ணிய பின்னரே கடைக்குப் புறப்பட்டாள். திரையில் மடல் காணும் இக்காலத்தாரும் அவளைப் பின்பற்றுவாராயின், தூண்டிலிட்டவர் வெறுங்கையோடு திரும்புவர்.